காலி இடம் இருக்கு, ஆனா இல்லை: பட்டர்எஃப்எஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

லினக்ஸில் பட்டர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேச்சில்தான் பட்டர், விசைப்பலகையில் பி, டி, ஆர், எஃப், எஸ். கிறிஸ் மேசன் ஆரக்கிளில் இருந்தபோது 2007-இல் தொடங்கிய வேலை இது. 2009-இல் லினக்ஸ் கர்னல் 2.6.29-இல் சேர்ந்தது. 2020-இல் வந்த ஃபெடோரா 33 முதல் ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் தானாகவே இதுதான் வருகிறது. அதனால் தெரியாமலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களும் நிறைய.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் சூடோவும் அந்த ஐந்து எழுத்தும் உண்டு. கட்டளை காட்டும் ஜிஐபியைத்தான் ஜிபி என்று சுருக்கியிருக்கிறேன்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் இதைப் பாருங்கள்

டெர்மினலில் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் என்று தட்டி, மவுண்ட் செய்த இடத்தைக் கொடுங்கள். காலி இடம் காட்டும் வழக்கமான டிஎஃப் கட்டளையை மறந்துவிடுங்கள். அது பொய் சொல்வதில்லை, ஆனால் இரண்டு மாடிக் கட்டடத்தை ஒரே மாடியாகக் காட்டுகிறது.

கல்யாண மண்டபத்தில் பந்தி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் தரை ஒன்று. இலை போட்ட வரிசை ஒன்று. ஆள் உட்கார்ந்த இலை ஒன்று. பட்டர்எஃப்எஸ் டிஸ்கை நேராகக் கோப்புக்குக் கொடுப்பதில்லை. முதலில் வெறும் தரையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, 'இது டேட்டாவுக்கு', 'இது மெட்டாடேட்டாவுக்கு' (கோப்பின் பெயர், இருக்கும் இடம் போன்ற குறிப்புகளுக்கு) என்று வரிசை போட்டுவிடுகிறது. இந்தத் துண்டுதான் சங்க். டேட்டாவுக்கு வழக்கமாக 1 ஜிபி. மெட்டாடேட்டாவுக்குச் சின்ன டிஸ்கில் 256 எம்பி, பெரிய டிஸ்கில் 1 ஜிபி. அதற்கு அப்புறம்தான் கோப்புகள் வந்து உட்காரும். சைவ வரிசையில் பாதி இலை காலியாகக் கிடந்தாலும் அசைவம் சாப்பிடுபவரை அங்கே உட்கார வைக்க முடியாது. அதே கணக்குதான் இங்கேயும்.

ரெய்டும் (பல டிஸ்குகளில் தரவைப் பகிர்ந்தோ பிரதி எடுத்தோ வைப்பது) இந்த வரிசையோடு ஒட்டிய குணம். ஒரே டிஸ்கில் ஒரு சங்க் சிங்கிளாகவும் (ஒரே பிரதி) அடுத்த சங்க் ரெய்டு1-இன் (இரண்டு டிஸ்கில் இரண்டு பிரதி) பாதியாகவும் இருக்கலாம். வேறுவேறு அளவு டிஸ்குகளைக் கலந்து போட முடிவதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெய்டு வகையை மாற்ற முடிவதும் இதனால்தான். கீழே வரும் தலைவலிகளில் பாதியும் இதனால்தான்.

யூசேஜ் காட்டுவதில் மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: டிவைஸ் அன்அலொகேட்டட் (வெறும் தரை), டேட்டா வரியில் சைஸுக்கும் யூஸ்டுக்கும் உள்ள வித்தியாசம், மெட்டாடேட்டா வரியில் அதே வித்தியாசம்.

அறிகுறி: "டிவைஸில் இடமில்லை" என்கிறது, ஆனால் 170 ஜிபி காலி

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். என் பழைய மடிக்கணினியில் வந்ததை அப்படியே வைக்கிறேன். 500 ஜிபி டிஸ்க், அதாவது 465.76. டேட்டா சிங்கிள்: சைஸ் 459.74, யூஸ்டு 288. மெட்டாடேட்டா டியூப் (ஒரே டிஸ்கில் இரண்டு பிரதி): சைஸ் 3.00, யூஸ்டு 2.49. குளோபல் ரிசர்வ்: 512 எம்பி. அன்அலொகேட்டட்: 1 எம்பி.

டேட்டா வரிசையில் 171 ஜிபி காலி இலை. மெட்டாடேட்டாவில் 3.00-இலிருந்து 2.49 போனால் 0.51. அதிலும் அரை ஜிபியை ஆபத்துக்கு என்று ரிசர்வ் பிடித்து வைத்திருக்கிறது. கையில் மிஞ்சுவது 10 எம்பி சொச்சம். புதிய மெட்டாடேட்டா வரிசை போட வெறும் தரை வேண்டும், அது இல்லை. ஒரு கோப்பின் பெயரை மாற்றக்கூட மெட்டாடேட்டா வேண்டும் என்பதால் எல்லாமே நின்றுபோனது. சில நேரம் டிஎஃப் கூட 'காலி' என்ற இடத்தில் திடீரென்று 0 என்று காட்டும், காரணம் இதேதான்.

வைத்தியம்: ஆள் குறைவாக உள்ள வரிசைகளில் இருப்பவர்களை மற்ற வரிசைகளுக்கு மாற்றிவிட்டு, காலியான வரிசையின் இலையைச் சுருட்டுவது. இதற்குத்தான் பேலன்ஸ் ஸ்டார்ட். ஆனால் வடிகட்டி இல்லாமல் ஓடவிட்டால் டிஸ்க் முழுவதையும் திருப்பி எழுதும், அது வேண்டாம். ஹைஃபன் டியூசேஜ் = 0 என்று தொடங்குங்கள். முழுக்கக் காலியான டேட்டா சங்குகளை மட்டும் விடுவிக்கும். கர்னல் 3.18-க்கு அப்புறம் இந்தக் காலிச் சங்குகளைக் கர்னலே எடுத்துவிடுவதால், "464 சங்கில் 0 நகர்த்தப்பட்டது" என்று வரலாம், பயப்பட வேண்டாம். அடுத்து 5 (அதாவது ஐந்து சதவீதத்துக்குக் கீழ் நிரம்பிய சங்குகள்), பிறகு 10, பிறகு 20. ஒவ்வொரு தடவையும் யூசேஜைப் பாருங்கள். எனக்கு 10-இல் ஒன்பது சங்க் விடுபட்டது. அன்அலொகேட்டட் சில ஜிபி ஆனதும் நிறுத்திவிடலாம். 80, 90 என்று ஏற்றிக்கொண்டே போவது டிஸ்கைத் தேய்ப்பதுதான்.

டியூசேஜ் 5-க்கே "இடமில்லை" என்று வந்தால்? முதலில் தேவையில்லாத ஒரு பழைய ஸ்னாப்ஷாட்டையோ (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைத்தது) பெரிய கோப்பையோ அழித்துப் பாருங்கள். அந்த ரிசர்வ் இருப்பதே இதற்காகத்தான். அதுவும் ஆகவில்லை என்றால் மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட வேண்டியதுதான்: 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகி டிவைஸ் ஆட் கொடுங்கள். அதில் உள்ளது எல்லாம் அழிந்துபோகும் என்பதால் காலியானதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தரை கிடைத்ததும் பேலன்ஸ் ஓடும். முடிந்ததும் டிவைஸ் ரிமூவ் கொடுத்து, அது முடிந்து கட்டளை திரும்பும் வரை பென் டிரைவில் கை வைக்காதீர்கள். நடுவில் பிடுங்கினால் அதில் போய் உட்கார்ந்த சங்குகளோடு சேர்த்துப் பிடுங்கியதாக ஆகும். ராமில் ஒரு போலி டிஸ்க் செய்து சேர்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதில் இன்னொரு கண்ணி. உங்கள் மெட்டாடேட்டா ரெய்டு1 என்றால் ஒரு பென் டிரைவ் போதாது. ரெய்டு1 சங்க் போட இரண்டு வேறு டிவைஸ்களில் வெறும் தரை வேண்டும். பழையவை இரண்டும் நிரம்பியிருக்க, புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்தால் அதே பிழைதான் வரும். இரண்டு பென் டிரைவ் செருகுங்கள்.

மெட்டாடேட்டாவை மட்டும் வழக்கமாக பேலன்ஸ் செய்யாதீர்கள். "ஒழுங்காக இருக்கட்டும்" என்று வாராவாரம் எம்யூசேஜ் ஓட்டுபவர்கள், மெட்டாடேட்டாவுக்குக் கையில் இருந்த உபரி வரிசைகளைத் தாங்களே சுருட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தை டேட்டா பிடித்துக்கொள்கிறது. பிறகு மேலே உள்ள கதைதான்.

அறிகுறி: புது டிஸ்க் சேர்த்தேன், இடம் கூடவில்லை

பட்டர்எஃப்எஸ்ஸில் ரெய்டு1 என்றால் எத்தனை டிஸ்க் இருந்தாலும் இரண்டே பிரதிதான். ஐந்து டிஸ்க் போட்டாலும் ஒவ்வொரு சங்கும் எங்கோ இரண்டில் இருக்கும், அவ்வளவுதான். மூன்று, நான்கு பிரதி வேண்டுமென்றால் ரெய்டு1சி3, ரெய்டு1சி4 என்று தனி வகைகள், கர்னல் 5.5 முதல் உண்டு. புதிய சங்க் போடும்போது எந்த டிஸ்கில் வெறும் தரை அதிகமோ அவற்றைத்தான் எடுக்கும்.

ஆகவே கொள்ளளவுக் கணக்கு எளிது. எல்லா டிஸ்கையும் கூட்டிப் பாதியாக்குங்கள். இருப்பதிலேயே பெரிய டிஸ்கைத் தவிர மற்றவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். 4, 2, 2 டிபி என்றால் பாதி 4, மற்றவை கூட்டி 4. 4 டிபி கிடைக்கும், ஒரு துளி வீணில்லை. 4, 1, 1 என்றால் பாதி 3, மற்றவை 2. கிடைப்பது 2 மட்டும். பெரிய டிஸ்கில் 2 டிபிக்கு ஜோடி கிடையாது. டிஎஃப் இந்த இடத்திலும் மொத்தம் 3 என்று சொல்லும், நம்பாதீர்கள். கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைத் துண்டுச் சீட்டில் போட்டுப் பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் இடம் வரவில்லை என்றால் காரணம் வேறு. 2-ம் 2-ம் ரெய்டு1-இல் நிரம்பிய பிறகு 4 டிபி சேர்த்தீர்கள். டிவைஸ் ஆட் ஒரு நொடியில் முடியும். அது தரையைக் காட்டியதோடு சரி, பழைய சங்குகளை நகர்த்தாது. இப்போது வெறும் தரை இருப்பது புதியதில் மட்டும். ஜோடிக்கு இன்னொரு டிஸ்க் இல்லாததால் 4 டிபி சும்மா கிடக்கும். இங்கேதான் முழு பேலன்ஸ் தேவை; மெட்டாடேட்டாவைக்கூட விட்டு, ஹைஃபன் டி மட்டும் கொடுத்தால் போதும். நகரும் ஒவ்வொரு சங்கிலும் ஒரு பிரதி புதியதற்குப் போய், பழையவற்றில் இடம் விடுபடும். இந்த உதாரணத்தில் முழுக் கொள்ளளவும் கிடைக்க 2 டிபி டேட்டா மொத்தமும் ஒரு தடவை நகர வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் முடிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள்.

பழைய டிஸ்குகளில் ஒரு சங்க் அளவுக்குக்கூட இடமில்லாமல் போன பிறகு சேர்த்தால் பேலன்ஸே தொடங்க மறுக்கலாம். அப்போது மேலே சொன்ன டியூசேஜ் சிறிய எண்களை முதலில் ஓட்டி, பழையவற்றில் கொஞ்சம் தரை பார்த்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். எண்பது சதவீதம் தாண்டும்போதே புது டிஸ்க் வாங்குவது நல்லது.

சின்ன டிஸ்கை எடுத்துவிட்டுப் பெரியதைப் போடுகிறீர்கள் என்றால் ஆட், ரிமூவ் என்று இரண்டு வேலை வேண்டாம். ரீப்ளேஸ் ஸ்டார்ட் ஒரே ஓட்டத்தில் முடிக்கும், வேகமும் அதிகம். ஆனால் முடிந்த பிறகும் பழைய அளவையேதான் காட்டும். ஃபைல்சிஸ்டம் ரீசைஸ் கொடுத்து, அந்த டிவைஸ் எண், முக்காற்புள்ளி, மேக்ஸ் என்று தட்டினால்தான் மீதி இடம் வரும். டிவைஸ் எண்ணை விட்டுவிட்டு வெறும் மேக்ஸ் என்றால் 1-ஆம் எண் டிஸ்கைத்தான் நீட்டப் பார்க்கும். அதில் அரைமணி நேரம் நான் தொலைத்திருக்கிறேன்.

அறிகுறி: 80 ஜிபி அழித்தேன், ஒரு எம்பிகூடத் திரும்பவில்லை

பெரும்பாலும் ஸ்னாப்ஷாட். நீங்கள் அழித்த வீடியோவை நேற்றைய ஸ்னாப்ஷாட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். சப்வால்யூம் லிஸ்டில் ஹைஃபன் எஸ் கொடுத்தால் ஸ்னாப்ஷாட்கள் மட்டும் வரும். எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அறிய ஃபைல்சிஸ்டம் டியூ. அதில் எக்ஸ்க்ளூசிவ் என்ற பத்தியைப் பாருங்கள். அந்த ஸ்னாப்ஷாட்டை மட்டும் அழித்தால் திரும்பும் இடம் அது. இரண்டு ஸ்னாப்ஷாட்கள் ஒரே கோப்பைப் பகிர்ந்தால் இரண்டிலும் எக்ஸ்க்ளூசிவ் 0 என்றே இருக்கும், இரண்டையும் அழித்தால்தான் இடம் வரும்.

அழித்த பிறகும் உடனே வராது. கட்டளை நொடியில் திரும்பிவிடும், உண்மையான துப்புரவு பின்னணியில் மெல்ல நடக்கும். சப்வால்யூம் சிங்க் கொடுத்துக் காத்திருங்கள்.

ஸ்னாப்ஷாட்டே இல்லை, இருந்தும் ஒரு விர்ச்சுவல் மெஷின் கோப்பு தன் அளவைவிட அதிகம் தின்கிறது என்றால்: பெரிய எக்ஸ்டென்ட் (டிஸ்கில் தொடர்ச்சியாக எழுதப்பட்ட கோப்புப் பகுதி) ஒன்றின் நடுவில் நான்கு கேபி மாற்றி எழுதினால், பழைய எக்ஸ்டென்டில் ஒரு துளி பயன்பாட்டில் இருக்கும் வரை அது முழுசாகவே இருக்கும். அந்தக் கோப்பை மட்டும் டிஃப்ராக்மென்ட் செய்தால் (தொடர்ச்சியாகத் திருப்பி எழுதினால்) சரியாகும். ஸ்னாப்ஷாட்கள் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பகிர்வு உடைந்து இடம் இரட்டிப்பாகப் போகும்.

அறிகுறி: ஒரு டிஸ்க் செத்துவிட்டது, மவுண்ட் ஆகவில்லை

ரெய்டு1 தானே, தானாகவே எழுந்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். எழாது. ஒரு டிஸ்க் குறைந்தால் பட்டர்எஃப்எஸ் மவுண்ட் ஆக மறுக்கும், டிக்ரேடட் என்ற ஆப்ஷனை நீங்கள் கையால் கொடுக்க வேண்டும். ரூட்டே அதில் இருந்தால் பூட் மெனுவில் கர்னல் வரியில் ரூட்ஃப்ளாக்ஸ் = டிக்ரேடட் என்று சேர்க்க வேண்டும். "தொல்லையே வேண்டாம்" என்று எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதை எப்படி மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) அதை நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். ஒரு நாள் ஒரு டிஸ்க் எழுந்திருக்கத் தாமதமானால் மற்றதை மட்டும் வைத்து ஓடும், இன்னொரு நாள் தலைகீழாக. அப்படி ஆன இரண்டு டிஸ்குகளை ஒட்டவைக்க முடியாது.

டிக்ரேடட் கொடுக்கும் முன் ஒரு நிமிடம். டிஸ்க் உண்மையில் செத்ததா, கேபிள் கழன்றதா? ஃபைல்சிஸ்டம் ஷோ பாருங்கள், பிறகு டிவைஸ் ஸ்கேன் ஓட்டி மறுபடி பாருங்கள். செத்தது உறுதி என்றால், முக்கியமானது எதுவும் பேக்கப் இல்லாமல் இருந்தால், முதல் தடவை ஆர்ஓ-வும் சேர்த்துப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து நகல் எடுங்கள்.

அப்புறம் எழுதும் வகையில் மவுண்ட் செய்து, உடனே ரீப்ளேஸ் ஸ்டார்ட். காணாமல் போன டிஸ்குக்குப் பாதை இருக்காது, எண்ணைக் கொடுங்கள்: ஷோவில் 1, 3 மட்டும் தெரிந்தால் காணாமல் போனது 2. டிஸ்க் சாகவில்லை, முனகிக்கொண்டிருக்கிறது என்றால் ஹைஃபன் ஆர் சேர்த்தால் முடிந்தவரை மற்றதிலிருந்து படிக்கும்.

இரண்டு டிஸ்க் மட்டும் உள்ளவர்கள் டிக்ரேடட் நிலையில் வேலையைத் தொடராதீர்கள். ஜோடி இல்லாததால் புதிதாக வரும் டேட்டா சங்க் சிங்கிளாகப் போடப்படும். கர்னல் 4.14-க்கு முன் இதன் விளைவு கொடுமை: அப்படி ஒரு தடவை எழுதிவிட்டால் அடுத்த தடவை எழுதும் வகையில் மவுண்டே ஆகாது. இப்போது சங்க் வாரியாகப் பார்ப்பதால் அந்தப் பொறி இல்லை. ஆனால் ஒற்றைப் பிரதி ஒற்றைப் பிரதிதான்.

அதனால் ரீப்ளேஸ் முடிந்ததும் யூசேஜ் பாருங்கள். டேட்டா ரெய்டு1 வரிக்குக் கீழே டேட்டா சிங்கிள் என்று இன்னொரு வரி, 3 ஜிபி போலச் சின்னதாக நின்றால், அந்த 3 ஜிபிக்குப் பாதுகாப்பு இல்லை. ரீப்ளேஸ் அதைச் சரிசெய்யாது. பேலன்ஸில் டிகன்வர்ட் = ரெய்டு1, சாஃப்ட் என்றும் எம்கன்வர்ட் = ரெய்டு1, சாஃப்ட் என்றும் கொடுங்கள். சாஃப்ட் என்ற சொல் முக்கியம்: ஏற்கெனவே ரெய்டு1 ஆக உள்ளதைத் தொடாமல் மீதியை மட்டும் மாற்றும். இல்லாவிட்டால் மொத்தத்தையும் அரைத்துத் தள்ளும்.

அறிகுறி: டிவைஸ் ஸ்டாட்ஸில் எண்கள் ஏறுகின்றன

ஐந்து கணக்கு இருக்கும்: எழுத்துப் பிழை, வாசிப்புப் பிழை, ஃபிளஷ் பிழை, கரப்ஷன், ஜெனரேஷன். இவை ரீபூட்டில் அழியாது, ஹைஃபன் இசட் கொடுத்தால்தான் 0 ஆகும். எனவே பழைய எண்ணைப் பார்த்து இன்று பதற வேண்டாம். ஏறுகிறதா என்பதே கேள்வி.

எழுத்து, வாசிப்பு மட்டும் ஏறினால் கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற உடல்நிலைத் தகவலில் 199-ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழை எண்ணும் கூடவே ஏறினால் கேபிளேதான். எனக்கு அப்படித்தான்: புதிய டிஸ்க் விலை விசாரித்து முடித்த பிறகு கேபிளை மாற்றினேன், அன்றோடு எண் நின்றது. கரப்ஷன் எல்லா டிஸ்கிலும் ஒரே சமயத்தில் ஏறினால் டிஸ்குகளை விடுங்கள், ராமைச் சந்தேகப்படுங்கள். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடட்டும். ராம் கெட்டிருக்கும்போது ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது), பேலன்ஸ் எதுவும் ஓட்டாதீர்கள்.

காரணம் நீங்கிய பிறகு ஸ்க்ரப் ஸ்டார்ட். செக்சம் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாத பிரதியைக் கண்டால் நல்ல பிரதியிலிருந்து எடுத்துத் திருத்தும். ஒரு வாரம் கேபிள் கழன்று கிடந்து திரும்பிய டிஸ்குக்கும் இதேதான் மருந்து. ஆனால் நோடேட்டாகௌ ஆக்கிய (மாற்றத்தைப் புது இடத்தில் எழுதாமல் பழைய இடத்திலேயே எழுதும்) கோப்புகளுக்குச் செக்சம் கிடையாது. இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல பட்டர்எஃப்எஸ்ஸிடம் ஆதாரம் இல்லை, ஸ்க்ரப்பும் வாய் திறக்காது. வேகத்துக்காக விர்ச்சுவல் மெஷின், டேட்டாபேஸ் கோப்புகளை அப்படி வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்புகளைப் பேக்கப்பிலிருந்து திருப்புவதே உத்தமம்.

செக் கட்டளையில் ரிப்பேர் என்று ஒன்று உண்டு. மற்ற முறைமைகளின் எஃப்எஸ்சிகே பழக்கத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள். பிழைத்திருந்ததையும் அது கெடுக்கக்கூடும். படிக்க மட்டும் மவுண்ட் செய்து நகல் எடுப்பது, அதுவும் ஆகாவிட்டால் ரெஸ்டோர் கட்டளை, பேக்கப் கைக்கு வந்த பிறகுதான் ரிப்பேர்.

ரெய்டு5, 6 வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: மின்சாரம் போகும் நேரத்தில் பாரிட்டி (இழந்த தரவை மீட்க வைக்கும் கணக்கு) பாதி எழுதப்பட்டு நிற்கும் ஓட்டை அதில் இன்னும் இருக்கிறது, குறைந்தபட்சம் மெட்டாடேட்டாவையாவது ரெய்டு1 அல்லது ரெய்டு1சி3-க்கு மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பேலன்ஸ் நாள் கணக்கில் ஓடுகிறது

கோட்டா (எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்கு வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். ஸ்னாப்ஷாட்களும் கோட்டாவும் சேர்ந்தால் ஒவ்வொரு சங்குக்கும் கணக்கு திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். கோட்டா டிஸேபிள் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள், வேண்டுமென்றால் பிறகு திரும்ப இயக்கலாம். எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் திருப்பி எழுத மெதுவான) டிஸ்க் என்றால் பொறுமைதான் மருந்து.

நடுவில் கணினி வேண்டுமென்றால் பேலன்ஸ் பாஸ் (நிறுத்திவை), பிறகு ரெஸ்யூம் (தொடர்). மின்சாரம் போனாலும் டேட்டா போகாது. ஆனால் அடுத்த மவுண்டில் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கும். இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்த டிஸ்க் என்றால் மவுண்ட் ஆனதும் மறுபடி அதே திணறல். அப்போது ஸ்கிப் அடிக்கோடு பேலன்ஸ் என்ற ஆப்ஷனோடு மவுண்ட் செய்யுங்கள். பேலன்ஸ் நிறுத்தி வைத்த நிலையில் நிற்கும். கேன்சல் கொடுத்துவிட்டு, யூசேஜைத் திறந்து அந்த மூன்று எண்களைப் பாருங்கள்.